பவுடர் அண்ணனுக்கு வந்த விருது

மாடியில் துணி காயப்போடப் போனால் நாலு வீட்டுச் சங்கதி தானாகக் காதில் விழும். அதற்கு நான் என்ன செய்ய முடியும், ஐயா? எங்கள் குடியிருப்பில் எனக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர் எதிர்வீட்டுப் பவுடர் அண்ணன். சினிமாவில் நாற்பது வருடம் மேக்கப் போட்டவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தலைச்சாயமும் பல்செட்டும்தான் குடும்பம்.

எனக்குத் திரைப்படச் சங்கத்தில் வேலை. வருடாந்திர விருது விழாவில், அந்த ஆண்டு மறைந்தவர்களின் முகங்களைத் திரையில் காட்டுவார்களே, அந்தப் பட்டியல் என் பொறுப்பு. போன வருடம் உயிரோடிருந்த ஒரு பாடகரைச் சேர்த்துவிட்டேன். நல்லவேளை, விழாவுக்கு முன்பே தெரிந்துவிட்டது. "இன்னொரு தடவை இப்படி நடந்தா நீங்க வீட்டுலயே இருந்துக்கலாம்மா" என்றார் செயலாளர்.

இந்த வருடம், விழாவுக்கு நாலு நாள் முன்பு, பவுடர் அண்ணனை ஸ்ட்ரெச்சரில் வைத்து இறக்கினார்கள். தலையோடு கால் போர்த்தியிருந்தது. வேறு என்ன நினைக்கத் தோன்றும்? யாரும் முந்திக்கொள்வதற்குள் சங்கத்துக்கு ஓடினேன். மாலை போட ஆள் அனுப்பட்டுமா என்றார்கள். சொந்தக்காரர்கள் வந்து ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்றேன். அரைகுறையாகச் செய்தி சொல்வது எனக்குப் பிடிக்காது.

அண்ணன் ஒன்பது முறை மேக்கப் விருதின் இறுதிச்சுற்று வரை வந்து வெறுங்கையோடு திரும்பியவர். இந்தப் பத்தாவது முறை நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருமனதாகக் கை தூக்கினார்கள். செத்தால்தான் சிலருக்குத் திறமை வருகிறது.

விழா அன்று மாலை ஆறரைக்கு என் கதவு தட்டப்பட்டது. கோட்டும் புதுச் சாயமுமாக அண்ணன் நின்றார்.

"என்ன ரேடியோ, பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற? வெறும் மூச்சிரைப்பு, அனுப்பிட்டாங்க. கிளம்பு, விழா ஆரம்பிச்சிருக்கும்."

"முகத்தை மூடில்ல எடுத்துட்டுப் போனாங்க?"

"நான்தான் மூடிக்கிட்டேன். பல்லில்லாத மேக்கப்மேன் உன் கண்ணுல படலாமா? நாளைக்கே ஊர் பூரா ஒலிபரப்பிடுவியே."

 இவர் அரங்கத்துக்குள் நுழைந்தால் ஆயிரம் பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். வேலை போகும். இனி நான் சொல்வதை எவர் நம்புவார்? உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

"ஒரு நிமிஷம் உக்காருங்கண்ணே, புடவை மாத்திக்கிறேன்" என்றேன். கிளம்பிய அவசரத்தில் அவருக்கு மறுபடி இரைக்கத் தொடங்கியிருந்தது. பையிலிருந்து இன்ஹேலரை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டேன். கதவைத் தாழிட்டுவிட்டு டிவியைப் போட்டேன்.

சரியாக ஏழு ஐந்துக்கு அவர் முகம் திரையில் வந்தது. கீழே பிறந்த வருடமும் இந்த வருடமும். அண்ணன் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார். எத்தனையோ முகங்களுக்குப் பயத்தை வரைந்தவர். தன் முகத்தில் அது இப்படித் தானாக வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"தங்கச்சி... குடும்மா..." என்றார். அதுவரை அவர் என்னைத் தங்கச்சி என்று அழைத்ததே இல்லை.

அடுத்து விருதை அறிவித்தார்கள். அரங்கமே எழுந்து நின்றது. "பாருங்கண்ணே, உங்களுக்குத்தான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கதவுப் பக்கம் நகரப் பார்த்ததால் கொஞ்சம் அழுத்தியே பிடிக்க வேண்டியிருந்தது.

உயிர் போனது ஏழு இருபது என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். சரிதான். மருந்தைக் கொடுக்காதது நான்தான், அதையும் மறைக்கவில்லை. பொய்ச் செய்தி பரப்பினாள் என்று மட்டும் கேஸில் எழுதிவிடாதீர்கள், ஐயா. திரையில் கால் மணி நேரம் முந்தி வந்துவிட்டது, அவ்வளவுதான்.