காவலாளி வீட்டுக் கோரை

என் பேச்சு நீளும் என்று தெரிந்தும் மணியைக் கையருகே வைக்காமல் அமர்ந்திருக்கும் பெருந்தன்மைக்குரிய தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! வீட்டையும் தெருவையும் சேர்த்துக் கட்டி மேய்க்கும் தாய்மார்களே! கதவோரம் நின்று, பாதியில் கழன்றுகொள்ளக் காத்திருக்கும் காளையரே! உங்கள் அத்தனை பேர் வாய்க்குள்ளும் ஒருமுறையாவது எட்டிப் பார்த்த பல் டாக்டரின் பணிவான வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், யார் யார் பல் துலக்குவதில்லை என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. நான் பேச வந்தது புல்லைப் பற்றி. புல்தானே என்கிறீர்களா? புல்தான்! வெட்டினாலும் வீழாத புல்! விரித்த பிளாஸ்டிக் விரிப்பைத் துளைத்து வெளிச்சம் தேடும் புல்! இன்று கத்தரித்தால், நாளையே மற்றப் புல்லுக்கு மேலே தலை நீட்டி உங்களையே உற்றுப் பார்க்கும் கோரைப்புல்!

நம் காவலாளி காலமானார். சில வாரங்களில், நம் குடியிருப்போர் சங்கம் அவருக்குக் கொடுத்திருந்த கடைசி வீட்டின் புல்தரையில் கோரை கும்பலாய் முளைத்தது. பிறகு பக்கத்து வீடு. பிறகு எதிர்வீடு. பிறகு வளைவில் இருக்கும் வீடு. அவர் ரோந்து போன அதே வரிசை! ஒரு வீடும் முந்தவில்லை, ஒரு வீடும் தப்பவில்லை. "மனுஷன் இன்னும் ரவுண்டு போறாரு" என்று முதலில் சொன்னது யார்? தெரியாது. ஆனால் என் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து வைத்தபடியே உளறியவர்கள் உங்களில் பாதிப் பேர்!

அதன் விளைவு, இன்றைய தீர்மானம். காவலாளியின் மனைவியை, நம் வீட்டுத் துணியெல்லாம் தைத்துத் தரும் தையல்காரம்மாவை, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் தீர்மானம். அவர் போனால் பேயும் போகும், பேய் போனால் புல்லும் போகும் என்று நினைப்பு.

நான் கேட்கிறேன். பேயா பரப்பியது? பெரியோர்களே, பரப்பியது நாம்! துக்க வீட்டுக்கு உதவுகிறோம் என்று, சங்கத்து மண் கிளறும் மெஷினை முதலில் அந்த அம்மா வீட்டில்தானே இறக்கினோம்? அங்கே மூலையில் கொஞ்சம் கோரை இருந்தது. மண்ணுக்குள்ளே ஒரு நூல், நூலில் கோர்த்த மணிபோலக் கிழங்குகள். நூல் அறாதவரை பாதிக் கிழங்கு உறங்கும். மெஷின் அதை நறுக்கியது, உறங்கியதெல்லாம் விழித்தது! அந்த மெஷினைக் கழுவினோமா? அடுத்த வீட்டார் காத்திருக்கிறார் என்று சேறோடு தள்ளினோம். எந்த வரிசையில்? காவலாளி உயிரோடு இருந்தபோது அதைத் தள்ளிக்கொண்டு போன அதே வரிசையில். பல்லின் வேரை உடைத்து உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். அதுதான் நடந்தது.

இதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் தையல் மெஷின் மூடிக் கிடந்தது. அவர் புல்தரையில் மண்டியிட்டு, கோரையைத் தலை வாருவதுபோல் விரலால் கோதிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"மெதுவா பேசுங்க டாக்டர். இப்பதான் கண்ணசந்தாரு."

"யாரும்மா?" என்றேன்.

"யாருன்னு ஊரே சொல்லுதே, உங்களுக்கு மட்டும் தெரியாதா?"

நாம் பொழுதுபோக்குக்குக் கட்டிவிட்ட கதை, தாய்மார்களே, அந்த ஒரு மனுஷிக்கு ஆறுதலாகிவிட்டது! தீர்மானத்தைச் சொன்னேன். மண் கிளறிய மெஷின் கதையையும் சொன்னேன். மெஷின் கதை அவர் காதில் ஏறவில்லை. கோரையைக் கோதிய கையை எடுத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாத்தையும் எடுத்துட்டா வீடு எனக்கு இருக்குமா?"

"இருக்கும்மா" என்றேன். உங்களைக் கேட்காமலே சொன்னேன்.

எடுக்கும் விதத்தைக் காட்டினேன். புல்லின் தாளைப் பிடித்து இழுக்காதே. களைக்கொத்தியைச் சற்றுத் தள்ளிச் செருகு, மண்ணோடு தூக்கு, நூலைத் தொடர்ந்து போய்க் கடைசிக் கிழங்கையும் எடு. சல்லடையில் சலி, சிமெண்டுத் தரையில் காயப் போடு. மறுபடி துளிர்த்தால் இலை விரியுமுன் மறுபடி எடு. அவர் எடுத்தார். ஒரு நூல் அறவில்லை. ஒவ்வொரு கொத்தையும் தூக்கும்போது மண்ணைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிச்சுக்கங்க. நான் வேற எங்க போவேன்?"

அன்று காற்றில்லை. மற்றப் புல் அசையவில்லை. அந்தக் கோரை மட்டும், அவர் கை எட்டுமுன்பே, ஒவ்வொன்றாய் அவர் பக்கம் சாய்ந்தது. பின்வரிசை அன்பரே, நீங்கள் உதடு பிதுக்குவது தெரிகிறது. நான் படித்த படிப்பில் இதற்கு விளக்கம் இல்லை. இல்லாத விளக்கத்தை மேடையில் அளக்க நான் தயாரும் இல்லை.

இப்போது அந்தப் புல்தரை சுத்தம். ஒரே ஒரு கிழங்கை மட்டும் ஓட்டையில்லாத தொட்டியில் நட்டு, ஜன்னலோரம் வைத்திருக்கிறார். கேட்டால் அதையும் கொடுத்துவிடுவார். கேட்கும் நெஞ்சழுத்தம் யாருக்கு? வீட்டுக்காகத் தன் கணவனைத் தன் கையாலேயே தோண்டி எடுத்த ஒருத்தியைத் தெருவில் நிறுத்த வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்! தூக்குங்கள், ஏன் தயக்கம்?

ஒரு கையும் இல்லை. தலைவர் அவர்களே, உங்கள் கையும் மடியிலேயே இருந்தது, பார்த்துக்கொண்டேன். தீர்மானம் விழுந்தது!

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், முந்தானையால் கண் துடைத்த தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இறங்குமுன் ஒரு வேண்டுகோள். நாளை முதல் அவரவர் வீட்டுக் கோரையை அவரவர் எடுப்போம். எடுக்கும்போது யாரும் அதை வாய்விட்டுத் திட்டாதீர்கள். அந்த அம்மாவுக்குக் கேட்கும். வணக்கம்.