இயல்பான தேய்மானம்

எஞ்சின் பேசுவதைக் கேட்கத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் யாரென்று எனக்கும் தெரியாது. தற்பெருமை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைத்திருக்கிறேன். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அவன் என் தங்கை கணவன். புல்வெட்டும் இயந்திரம் பழுதுபார்க்கும் கடையில் அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பேன். அவன் ஒரு டிராயர் நிறைய அளவுகோல்கள் வைத்திருப்பான். தலைமுடி கனத்தில் தகடுகள், அழுத்தம் காட்டும் மீட்டர், இத்யாதி. வேலை முடிந்ததும் என்னென்ன அளந்தான் என்று ஒரு சீட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, கைப்பிடியில் கட்டிவிடுவான். பெரிய கோயில் கட்டி முடித்துக் கல்வெட்டு வைத்த நினைப்பு.

"மாப்ள, காய்ச்சல்னா தொட்டுப் பார்த்தாலே தெரியும். நீ என்னடான்னா சட்டை தைக்கிறவன் மாதிரி டேப்போட வர்ற" என்பேன்.

"எனக்கு உங்க காது இல்லையே மச்சான்" என்பான். அதில் கிண்டல் இருந்ததா என்று நான் ஆராயவில்லை. கிண்டல் செய்ய மூளை வேண்டும்.

பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரரின் இயந்திரம் வந்தது அப்போதுதான். பத்து நிமிடம் ஓடும், சூடேறியதும் அணையும், ஆறினால் மறுபடி கிளம்பும். நான் கேட்டேன். கார்புரேட்டர் என்றேன். கழற்றிக் கழுவிக் கொடுத்தேன். திரும்பி வந்தது. மறுபடி கழுவினேன். மூன்றாம் முறை தோட்டக்காரர் அதைத் தள்ளிக்கொண்டு வந்து, கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னார்: "தம்பி, இது என் புல்லுல இருந்ததை விட உங்க கடையில இருந்ததுதான் ஜாஸ்தி. இங்கேயே ஒரு கட்டிலைப் போட்டுக் குடுத்துடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அவருக்கு எஞ்சினும் தெரியாது, நகைச்சுவையும் தெரியாது.

மாப்பிள்ளை எஞ்சினைத் திறந்தான். ஒரு தகட்டை உள்ளே விட்டுப் பார்த்தான். வால்வுத் தண்டின் நுனியில் இருக்க வேண்டிய இடைவெளி அறவே இல்லை. சூட்டில் தண்டு நீளும், நீண்டால் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசிந்து எஞ்சின் சாகும். தண்டின் நுனியைக் கொஞ்சம் தேய்த்து, வால்வைச் சரியாக உட்காரவைத்து, மூடிக் கிளப்பினான். முக்கால் மணி நேரம் ஓடியது. அதில் வியக்க ஒன்றுமில்லை. குருட்டுக் கோழிக்கும் ஒரு நாள் நெல் கிடைக்கும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சும்மா காதை வச்சுக் கேட்டா டாக்டராயிட முடியுமாப்பா? நாளையிலிருந்து நீ பிளேடு மட்டும் தீட்டு. எஞ்சினெல்லாம் மாப்பிள்ளை பார்க்கட்டும்."

பிளேடு. பதினாறு வருடம் எஞ்சினோடு பேசியவனைச் சாணைக்கல்லுக்கு முன்னால் உட்காரவைத்தார்.

எனக்குத் தேவையாக இருந்தது மிகச் சிறிய விஷயம். அந்த இயந்திரம் ஒரே ஒரு தடவை திரும்பி வர வேண்டும். அவன் கையெழுத்துப் போட்ட சீட்டோடு. அவ்வளவே.

கைப்பிடியை விட்டால் எஞ்சின் அணையும். கூடவே உள்ளே ஒரு பிரேக் கட்டை, பிளேடோடு சேர்ந்து சுற்றும் எஞ்சின் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும். மூன்று எண்ணுவதற்குள் பிளேடு நின்றாக வேண்டும். மாப்பிள்ளை எண்ணிப் பார்த்து, அதையும் சீட்டில் எழுதியிருந்தான். அவன் சாப்பிடப் போன நேரத்தில் மூடியைக் கழற்றி, கட்டையை எடுத்து, அரத்தால் தேய்த்து, திரும்ப மாட்டினேன். இப்போது எஞ்சின் அணையும், ஆனால் கீழே பிளேடு பதினொன்று எண்ணும்வரை சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

தோட்டக்காரர் ஈரப்புல் அடைத்துக்கொண்டால் கைப்பிடியை விட்ட மறுநொடி கையை உள்ளே விடுவார். கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே தெரியாது என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. வலது கையில் நான்கு விரல் போயிற்று. கட்டை விரல் இருக்கிறது. கைநாட்டுக்கு அது போதும்.

தங்கை வந்து அழுதாள். "அண்ணே, அவர் எண்ணிப் பார்க்காம எதையும் வெளிய அனுப்ப மாட்டாருண்ணே. நீ ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லு. உன் பேச்சுன்னா நம்புவாங்க." அவளுக்காக நான் வரவில்லை. அவளுக்குக் கல்யாணம் பேசும்போதே சொன்னேன், வேறு இடம் பார்க்கலாமென்று.

உங்கள் நிபுணரின் அறிக்கையைத் தங்கைதான் காட்டினாள். அதற்காகத்தான் வந்தேன். 'பிரேக் கட்டை இயல்பான தேய்மானம். மெக்கானிக்கின் கவனக்குறைவு.' இயல்பாகத் தேய்ந்த கட்டை ஒரு பக்கம் சரிந்திருக்கும் ஐயா. இது நெடுக ஒரே சமமாக இருக்கிறது. அரம் பிடித்த கை எதுவும் ஒரே பார்வையில் சொல்லிவிடும். நான் செய்த வேலையைக் கவனக்குறைவு என்று எழுதுவது, அதையும் அவன் பெயரில் எழுதுவது, எந்த ஊர் நியாயம்? அவனுக்கு அவ்வளவு திறமை கிடையாது.

எவ்வளவு தேய்த்தேன் என்று கேட்டீர்கள். ஐந்து மில்லிமீட்டர் இருந்தது. இரண்டே காலாக்கினேன். மாப்பிள்ளையின் டிராயரிலிருந்து அளவுகோலை எடுத்து, நடுவில் ஒரு தடவை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தடவை வைத்துப் பார்த்தேன். கட்டையைக் காதில் வைத்தால் அது என்ன சொல்லிவிடப் போகிறது.

எண்கள் மறந்துவிடக் கூடாதென்று ஒரு சீட்டில் எழுதினேன். இந்தாருங்கள். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.