ஆடி மாதத்து ரஸ்க்

நாய்க்கு ரஸ்க் கொடுத்து மோப்பம் பழக்கக் கூடாது, மேடம். உதிரும். உதிர்ந்த தூளைத் தேடி நாய் தரையை நக்க ஆரம்பித்தால், அதுவரைக்கும் பிடித்துவந்த மனித வாசனை போச்சு. அதற்குப் பிறகு அது ரஸ்க் தேடுகிற நாய். ஆளைத் தேடுகிற நாய் இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்தை ஒரு மனிதருக்குப் புரியவைக்க ஒரு மாதம் மல்லுக்கட்டினேன்.

ஏசுதாசன் அண்ணன் செத்ததற்கு நாய்க்குப் பயிற்சி போதாததுதான் காரணம் என்று நீங்கள் ரிப்போர்ட் எழுதப் போவதாக உங்கள் ஏட்டு சொன்னார். அதனால்தான் நானாக வந்தேன். சம்மன் எதுவும் வரவில்லை. அந்த நாயைப் பழக்கியது நான். அது தப்பு செய்யாது.

நான் விலங்கியல் படித்தவள். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். ஆண்டிபட்டியில் அம்மாவும் அப்பாவும் தறியில் உட்கார்ந்து படிக்கவைத்தார்கள். முடித்ததும் கோம்பையில் சுருளிராஜன் சாரின் நாய்ப் பண்ணையில் சேர்ந்தேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கோ விறகுக்கோ போகிறவர்கள் மலையில் வழி தவறினால் தேடிப் பிடிக்க நாய் பழக்குகிற இடம். நாய்கள் அவருடையவை. பழக்குவது நான். வெளியாட்கள் வந்து, இந்தப் பெண் யார் என்று கேட்டால், "நம்ம வீட்டுப் பொண்ணு" என்பார். பயிற்சியாளர் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. கேட்டால், வீட்டுப் பெண்ணுக்குப் பட்டம் எதற்கு என்று சிரிப்பார்.

நாய்க்குக் கூலியாக எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் பாதிப் பயிற்சி இருக்கிறது. கருவாடு கொடுத்துப் பார்த்தேன். தாகம் எடுத்து ஓடைப் பக்கம் இழுத்தது. அவித்த முட்டை பையிலேயே நசுங்கியது. கோழிக்கறியை வாயில் வைத்து மென்றுகொண்டே நின்றது. கடைசியில் ஆட்டு ஈரல். உப்பில்லாமல் அவித்து, நகம் அளவுக்கு நறுக்கி, நிழலில் காயவைத்தால் உதிராது, கையில் ஒட்டாது, ஒரே விழுங்கு. விழுங்கிவிட்டு, அடுத்து என்ன வேலை என்று முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைக்காகத்தான் நான் அங்கே இருந்தேன்.

ஏசுதாசன் அண்ணன் அங்கே ஒளிகிற ஆள். அதுதான் அவர் வேலை. தன் துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் எங்காவது போய்ப் பதுங்குவார். துண்டை மோந்துவிட்டு சிட்டு போய்க் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் நாய்களிலேயே சிட்டுவுக்குத்தான் நல்ல மூக்கு. அது போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டியா ஆத்தா" என்று கழுத்தைக் கட்டிக்கொள்வார். நான் பின்னாலேயே ஓடி ஈரலைக் கொடுப்பேன்.

"ஈரல் எதுக்கு டீச்சரு? எம்மேல உள்ள பாசத்துலதான அது வருது."

"பாசத்துல ஒண்ணும் வரலண்ணே. கூலிக்கு வருது."

"அப்ப எனக்கும் ரெண்டு துண்டு குடு. நாந்தான அங்கன முள்ளுக்குள்ள உக்காந்து கெடக்கேன்."

அவருக்கு வேடிக்கை. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பாசத்துக்கு வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் அம்மா அப்படித்தான் தறிக்காரர் வீட்டு விசேஷங்களில் அண்டா கழுவினாள். நம்ம வீடு மாதிரி என்பாள். சாப்பிடும்போது மட்டும் அது நம்ம வீடாக இருந்ததில்லை.

ஆடி பிறந்தது. சார் குச்சனூர் சனீஸ்வரனுக்கு விரதம். மாதம் முடியும்வரை காம்பவுண்டுக்குள் கறி வரக் கூடாது என்றார். நாய்களுக்கும் சேர்த்துத்தான்.

"நாய்க்கு எதுக்கு சார் விரதம்?"

"ஏத்தா, நாய் எங்கன இருக்கு? என் காம்பவுண்டுல. அப்ப அதுக்கும் சனீஸ்வரன்தான். தயிர்சாதம் போடு."

"தயிர்சாதத்த எந்தப் பையில போட்டுக்கிட்டு மலையேறுறது?"

விழுந்து விழுந்து சிரித்தார். சாயங்காலம் பெட்டி நிறைய ரஸ்க் வந்து இறங்கியது. கொண்டுவந்த பேக்கரிக்காரர், நாய் இதைத் தின்னுமா என்று கேட்டதற்கு, "நம்ம வீட்டுப் பொண்ணு பழக்கிரும். சொன்னா கேட்டுக்கிரும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு நாய்கள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பாதி வழியில் நின்றன. தூளை நக்கின. ஒவ்வொரு நாளும் போய்ச் சொன்னேன். படித்த திமிர் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஒளிவதற்குப் புது இடம் பார்த்து வருகிறேன் என்று மலைக்குப் போன ஏசுதாசன் அண்ணன் திரும்பவில்லை. சனிக்கிழமை காலையில் அவர் மனைவி ஞானபாக்கியம் அக்கா அவருடைய துண்டோடு வந்து நின்றார்.

"எல்லாரும் சொல்றாக, ஒன் நாய் பாத்துருமாம்ல? பாத்துரும்தான தாயி?"

நானும் சிட்டுவும் முன்னால் போனோம். மற்றவர்கள் வாசனை கலந்துவிடக் கூடாது என்பதால் சாரும் ஊர்க்காரர்களும் அடிவாரத்திலேயே நின்றார்கள். எப்போதும் அப்படித்தான். சிட்டு துண்டை மோந்தது. ரஸ்க்கைக் காட்டினேன், திரும்பியும் பார்க்கவில்லை. வேலை செய்யாது என்று உண்மையாகவே நினைத்தேன், மேடம். அதற்குள் வாரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

பாறைச் சரிவில் ஏறி, ஒரு பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. வாலை ஆட்டி முனகியது. என் கையைப் பார்க்கவே இல்லை. கூலியே கேட்காமல், ஒரு மாதமாகப் பாழாய்ப்போன ரஸ்க்கைத் தின்றுவிட்டு, அந்த ஆளுக்காக வந்து நின்றது.

அந்த இடத்தில் நான் யோசித்தேன். இன்றைக்கு இவர் கிடைத்தால் சார் என்ன சொல்வார்? ரஸ்க் போதும், பார்த்தாயா என்பார். சனீஸ்வரன் கண்ணைத் திறந்துவிட்டார் என்பார். இனி ஆயுசுக்கும் ரஸ்க்தான். நான் படித்தது, பழக்கியது, பேசியது எல்லாம் திமிர் என்று ஆகிவிடும். நாளைக்கு ஈரலோடு வந்தால் இதே நாய் இதே இடத்துக்கு வரும். ஆளும் கிடைப்பார், நாய்களுக்கும் விடிவு கிடைக்கும். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் பட்டது.

கீழேயிருந்து சத்தம் வந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை. வந்தது. "வந்துட்டியா ஆத்தா" என்றுதான் வந்தது. குரல் தெளிவாக இருந்தது. அதனால்தான் ஒரு ராத்திரி தாங்குவார் என்று முடிவு செய்தேன்.

சிட்டுவின் வாயைக் கையால் பொத்தி, தூக்கிக்கொண்டு நடந்தேன். எதிர்ச்சரிவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கினேன்.

"புடிபடல சார். ரஸ்க்குக்கு வேலை செய்யாதுன்னு அப்பவே சொன்னேன்."

ஞானபாக்கியம் அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சார் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "போய் ஈரலே வாங்கிக்கத்தா. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். ஒரு மாதம் கெஞ்சியதற்கு அப்போதுதான் பதில் வந்தது.

அன்று ராத்திரி மலையில் மழை பெய்யும் என்று யாரும் சொல்லவில்லை. சாரல்தானே வரும் என்று இருந்தேன்.

காலையில் ஈரலோடு போனோம். இந்த முறை எல்லாரையும் பின்னாலேயே வரச் சொன்னேன். அவர்கள் பார்க்க வேண்டும் இல்லையா? சிட்டு நேராக அந்தப் பள்ளத்துக்குப் போனது. அவர் கால் மடங்கி, பாறையோடு ஒட்டிக் கிடந்தார். விடியும் நேரத்தில்தான் உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னதாக நீங்களே சொன்னீர்கள். சார் தலையில் அடித்துக்கொண்டு, "ஹேமாவதி சொன்னப்பவே கேட்ருக்கணும்" என்று அழுதார். என்னைப் பெயர் சொல்லிச் சொன்னார். அது கேட்க நன்றாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே பயிற்சியில் குறை இல்லை. முதல் நாளே நாய் கண்டுபிடித்துவிட்டது. திருப்பிக் கொண்டுவந்தது நான். ரிப்போர்ட்டை மாற்றிவிடுங்கள்.

அந்தப் பள்ளத்தில் ஒன்றுதான் சரியாக அமையவில்லை. கண்டுபிடித்தவுடன் கூலி கொடுக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது. ஈரலை நீட்டினேன். சிட்டு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் மார்பில் தலையை வைத்துப் படுத்துவிட்டது. வாயருகே கொண்டுபோய்த் திணித்தேன், துப்பியது.

அவசரத்தில் அடுப்புச் சட்டியில் காயவைத்த ஈரல், மேடம். நிழலில் காய்ந்திருந்தால் தின்றிருக்கும்.