என் பக்கத்து பிரேக்

எனக்கு எப்போதும் வலது செருப்புதான் முதலில் தேயும். இடது செருப்பு புதுக்கருக்கு மாறாமல் அப்படியே இருக்கும். "ஒரே காலால ஊர் சுத்துறீங்களா?" என்று செருப்புக் கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனின் செருப்பு அப்படித்தான் இருக்கும். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் எனக்கு ஒரு பிரேக். அவர்கள் மறந்தால் நான் மிதிக்க வேண்டும்.

என் பக்கத்து பெடலில் மூன்று மாதத்துக்கு முன் மாட்டிய ரப்பர் மழமழவென்று தேய்ந்திருப்பதையும், ஓட்டுகிறவர் பக்கத்து ரப்பர் அப்படியே இருப்பதையும் பார்த்துத்தான் நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். இந்த அலுவலகத்தில் கண் திறந்து வேலை பார்க்கிற ஒருவராவது இருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம்தான். கேளுங்கள் சார், ஒளிக்காமல் சொல்கிறேன்.

எனக்குச் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி இருந்தது. வாசலில் பெரிய போர்டு. 'இருபத்திரண்டு ஆண்டுகள், ஒரு கீறல்கூட இல்லை' என்று எழுதியிருக்கும். வருடம் பிறந்தால் பெயிண்டரைக் கூப்பிட்டு அந்த எண்ணை மட்டும் மாற்றச் சொல்வேன். அவர் எழுதி முடிக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை நேரம். பின்சீட்டில் என் மனைவி. பச்சை விளக்கு விழுந்த பிறகுதான் நான் நகர்ந்தேன். குறுக்கே காரில் வந்தவர் ஒரு மருந்துக் கடைக்காரர். ஒரு கையில் போன். பின்கதவில் இடித்தார். என் மனைவிக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. அவர் இறங்கி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னோடதுதாங்க. போனைப் பாத்துட்டேன். எங்க வேணா வந்து சொல்றேன்." நான்தான் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார். பயிற்சிப் பள்ளி கார்தான் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்தது என்று வாய் கூசாமல் எழுதிக் கொடுத்தார். அவரிடம் மருந்து வாங்கும் இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். பள்ளியின் அனுமதியை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் ஆட்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். போர்டை நானே கழற்றினேன். அன்றைக்கு ஏணியைப் பிடிக்க யாரும் இல்லை.

அவர் கடைக்கு ஒருமுறை போனேன். சண்டைக்குப் போகவில்லை. "ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. தப்பு என்னோடதுன்னு. வேற ஒண்ணும் வேணாம்" என்றேன். அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னார்: "வாயால சொல்றது வேற, எழுத்துல குடுக்கறது வேற. விவரம் தெரிஞ்சவர் நீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

அந்தப் பதிலை என்னால் மென்று விழுங்க முடியவில்லை. என் மனைவி விழுங்கிவிட்டாள். "எலும்பே கூடிடுச்சு, நீங்க இன்னும் புடிச்சுக்கிட்டு தொங்குறீங்க. விட்டுத் தள்ளுங்களேன்" என்றாள். மேல்தட்டில் இருந்த டப்பாக்களையெல்லாம் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். நான் செய்தது முழுக்க அவள் கைக்காகத்தான். போர்டுக்காக என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் கற்பனை.

ஊரின் அந்தக் கோடியில் பள்ளி நடத்தும் பழைய நண்பர் எனக்கு வேலை கொடுத்தார். இந்த வருடம் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். படிவத்தில் அப்பா பெயரையும் விலாசத்தையும் பார்த்தேன். விபத்து அறிக்கையில் எத்தனை முறை படித்த விலாசம் அது. வீட்டுக்கு இவ்வளவு தள்ளி வந்து ஏன் கற்றுக்கொள்கிறாய் என்று கேட்டேன். "அப்பாவுக்குத் தெரியக் கூடாது சார். லைசென்ஸ் வாங்குனதும் அவரைப் பக்கத்துல உட்கார வச்சு நானே ஓட்டிட்டுப் போகணும். அசந்துடுவார்" என்று சிரித்தாள்.

நல்ல பெண். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் என் மனைவிக்குத் தோள் வலி என்று சொன்னேன். மறுநாளே அப்பா கடையிலிருந்து ஒரு தைலம் எடுத்து வந்தாள். என் மனைவி இன்றைக்கும் அதைத்தான் தடவுகிறாள்.

அவளுக்கு ஸ்டியரிங், கியர், கண்ணாடி பார்ப்பது எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். பிரேக்கை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். அவள் கால் பெடலைத் தொடும்போதெல்லாம் என் கால் கீழே மெதுவாக அழுத்தும். வண்டி நிற்கும். தான்தான் நிறுத்தினோம் என்று அவள் நம்பினாள். நாளாக நாளாக அவள் கால் இலேசாகிக்கொண்டே வந்தது, என் கால் கனத்துக்கொண்டே வந்தது. "நல்லா நிறுத்துறேன்ல சார்?" என்பாள். "பூ மாதிரி வைக்கிறம்மா காலை" என்பேன். திடீரென்று நிறுத்துகிற பாடம் ஏழாம் நாள் வரும். அதை நடத்தவில்லை. "பதற்றத்துல பிரேக்கை அமுக்கவே கூடாது, வண்டி சறுக்கிடும். தொட்டாலே நிக்கும்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டும் இப்போது உங்கள் மேஜையில்தான் இருக்கிறது.

தேர்வன்று அதிகாரி பின்சீட்டில், நான் என் இடத்தில். ஒரே தடவையில் தேறிவிட்டாள். அதிகாரி என்னுடன் கைகுலுக்கினார்.

அவர்கள் வீடு சரிவுச் சாலையின் உச்சியில் இருக்கிறது. இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். கேட்டைத் தாண்டினால் கீழே பெரிய சாலை வரும்வரை வளைவு கிடையாது, வேகத்தடை கிடையாது. முதன்முதலாக பிரேக் மிதிக்க வேண்டிய இடமே அந்தப் பெரிய சாலைதான். நடந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

லைசென்ஸ் வந்ததும், சொன்னபடியே அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் காரை எடுத்திருக்கிறாள். அவள் தொட்டிருப்பாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரி பூப்போலத் தொட்டிருப்பாள். பெரிய சாலையில் தண்ணீர் லாரி வந்தது. எந்தப் பக்கம் இடிக்கும், யார் மிஞ்சுவார்கள் என்றெல்லாம் நான் கணக்குப் போடவில்லை. அது என் வேலையும் இல்லை. அப்பா நெற்றியில் ஒரு காயத்தோடு இறங்கினாராம். அவள் இறங்கவில்லை.

அவர் நடுச்சாலையில் உட்கார்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் "தப்பு என்னோடது, தப்பு என்னோடது" என்று கதறியதாகச் சொன்னீர்கள். வாயால்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அப்புறம் அந்தத் தாளைக் காட்டினீர்கள். பழகாத கைக்கு வண்டியைக் கொடுத்தது என் தப்பு என்று எழுதி, கீழே முழுப்பெயரில் கையெழுத்து. மூன்று முறை படித்தேன். எவ்வளவு சுலபமான வரி. அன்றைக்கே எழுதியிருக்கலாம். அதற்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்தால் வீட்டில் மனைவியிடம் காட்டுவேன்.

இப்போது என் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளுகிறீர்கள். சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். நீங்களும் விவரம் தெரிந்தவர்தானே சார்? வாயால் சொல்வது வேறு, எழுத்தில் கொடுப்பது வேறு. எழுத்தில்தான் வேண்டும் என்றால் பேனாவைக் கொடுங்கள். அந்தப் பெண் முறைப்படி தேறியவள். அவள் ஓட்டியது அவள் அப்பாவின் கார். அதில் ஒரே ஒரு பிரேக்தான் உண்டு, அதன் மேல் என் கால் இல்லை. நான் கற்றுக்கொடுக்க வந்து இருபத்து நான்கு ஆண்டுகள், ஒரு கீறல்கூட இல்லை.