கையெழுத்துக்காகக் காத்திருக்கும் பாராட்டு

கைபேசிச் சந்தையின் காவலரே! கடைசித் தேதிகளைத் தள்ளிவைப்பதில் கைதேர்ந்தவரே! இருபத்தாறு ஆண்டுகள் தொலைத்தொடர்பு ஆணையத்தில் எங்கள் போட்டிப் பிரிவுக்குத் தலைவராய் இருந்து, எங்கள் தலைகளை ஒவ்வொன்றாய் நரைக்கவைத்த நல்லவரே, எய்லிஃப் த்வெய்த்தானே அவர்களே!

வணக்கம். இன்று ஜூன் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, நீங்கள் ஓய்வுபெறும் நாள், மதியம் இரண்டு மணி. ஸ்ட்ராபெரி வைத்த கிரீம் கேக் மேசையில் இருக்கிறது. அதை இன்னும் வெட்டவில்லை. ஏன் என்று உங்களுக்கும் தெரியும்.

நம் நார்வேயின் மலைமுகடுகளில் எல்லாம் ஒரே பெரிய கைபேசி நிறுவனத்தின் டவர்கள் மட்டுமே ஓங்கி நிற்க, அவற்றில் சிறிய நிறுவனங்களுக்கும் நியாயமான வாடகைக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு எழுதத் தொடங்கினீர்கள். தொடங்கினீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஒன்பது ஆண்டுகள், பதினான்கு வரைவுகள்! ஒவ்வொன்றையும் ஊர் ஊராய்க் கருத்துக் கேட்க அனுப்பினீர்கள். வந்த கடிதம் ஒவ்வொன்றையும் படித்தீர்கள். டவருக்கு என்ன நிறம் பூசலாம் என்று பனிமான் வளர்ப்போர் சங்கம் எழுதிய பதினோரு பக்கத்துக்கும் பதில் போட்டீர்கள். பெரிய நிறுவனத்தின் வக்கீல்கள் உங்கள் குணத்தைச் சரியாக அளந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கடைசி நாள் மாலையில் இருநூறு பக்கம் அனுப்பினார்கள். நீங்களும் உட்கார்ந்து படித்தீர்கள், ஐயா!

நம் சட்ட ஆலோசகர் தூரிட் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், மெழுகுத்தாளில் சுற்றிக் கொண்டுவந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியே விட்டார். "எய்லிஃப், அவங்க அனுப்புறது பதில் இல்ல, நம்மளத் தூங்கவைக்கிற தாலாட்டு! இதுக்கும் அடிக்குறிப்பு போடப் போறீங்களா?" நீங்களோ பழுப்புப் பாலாடைக்கட்டியை நிதானமாகச் சீவிக்கொண்டே, "நூத்தி அறுபத்திமூணாம் பக்கத்துல ஒரு நல்ல பாயிண்ட் இருக்கு, பாத்தியா?" என்றீர்கள். பார்த்தோம். இருந்தது. அதுதான் எங்கள் வயிற்றெரிச்சல்.

வடக்குக் கடலோரத்தில் அறுபது பேரை வைத்துக்கொண்டு லூம்வி என்ற சிறு கைபேசி நிறுவனத்தை நடத்தும் சுன்னிவா, போன மாதம் எட்டு மணி நேரம் பயணம் செய்து இந்த அறைக்கு வந்தார். காபியைக்கூடத் தொடவில்லை. "ஜூன் முப்பதுக்குள்ள உத்தரவு வரலேன்னா கடையைச் சாத்திருவேன். அது இருக்கட்டும், போட்டி வேணும் போட்டி வேணும்னு எழுதுறீங்களே, இங்க யாரு கையில எங்க சிம் இருக்கு?" என்று கேட்டார்.

பன்னிரண்டு பேர் இருந்தோம். பன்னிரண்டு கைபேசியும் பெரிய நிறுவனத்தின் இணைப்பு. தலை குனிந்த கூட்டத்தில் நீங்கள்தான் முதலில் வாய் திறந்தீர்கள். "லீவுக்குப் போற மலைவீட்டுல அது மட்டுந்தாங்க டவர் எடுக்குது."

"எப்படி எடுக்கும்? அதுக்குத்தானே உத்தரவு கேக்குறேன்!" என்றார் சுன்னிவா. அன்று நாங்கள் பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை.

திட்டுவதற்காகவா கூடினோம்? இல்லை. எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம் என்று நீங்கள் முன்பு எழுதிய உத்தரவைப் பெரிய நிறுவனத்தார் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். மூன்று ஆண்டுகள் வாதாடியும் அதில் ஒரு வரியைக்கூட அவர்களால் அசைக்க முடியவில்லை. படிக்காமல் நீங்கள் கையெழுத்திட்டதே இல்லை என்பது அந்த வக்கீல்களுக்கும் தெரியும். அதனால்தான் இந்த உத்தரவிலும் உங்கள் கையெழுத்து வேண்டும் என்று உயிரை விடுகிறோம். நாளை முதல் நாடே விடுமுறைக்குக் கிளம்பிவிடும். புதிய தலைவர் ஆகஸ்டில்தான் வருவார். அப்போது லூம்வி இருக்காது. நேற்று மாலையும் இருநூற்று நாற்பது பக்கம் வந்தது. நீங்கள் தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

எனவே கடிகாரமோ வெள்ளித் தட்டோ நாங்கள் வாங்கவில்லை. லூம்வியின் சிம் ஒன்றை உங்களுக்குப் பரிசாகத் தருகிறோம். நாங்கள் பதினோரு பேரும் ஆளுக்கொன்று வாங்கி இன்று காலையே மாறிவிட்டோம். ஜூலை முழுக்க எங்கள் மலைவீடுகளில் ஊமையாய்க் கிடக்கச் சம்மதம். அதற்குமேல் கிடப்பதும் கிடக்காததும் உங்கள் கையில். வலப்பக்கம் உத்தரவு இருக்கிறது. பேனாவில் மை இருக்கிறது, சோதித்துவிட்டோம்.

மூட்டு வலிக்காமல், கண் மங்காமல், பனிச்சறுக்குக் கட்டைகளைப் பரணில் போடாமல் நூறாண்டு வாழ்க! ஆனால் முதலில் கையெழுத்திடுக!

உங்கள் மேல் தீராத அன்பும் தீர்ந்துபோன பொறுமையும் கொண்ட,
போட்டிப் பிரிவின் பதினோரு ஊழியர்கள்

இந்த மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் முன் சேர்த்தது: மடலைக் கேட்டு முடித்ததும் அவர் எழுந்து, "கொஞ்சம் பொறுங்க" என்றார். மீதி நூற்று நாற்பத்தொன்பது பக்கத்தையும் ஜன்னலோரம் நின்றபடியே படித்தார். கேக்கில் கிரீம் வழிந்துவிட்டது. நாலே முக்காலுக்குக் கையெழுத்திட்டார். அக்டோபர் பதினொன்றாம் தேதி அவருடைய மலைவீட்டிலிருந்து, லூம்வி சிம்மில், தூரிடுக்கு அழைப்பு வந்தது. "மடல்ல ஒரு தப்பு இருக்கும்மா. வரைவு பதினாலு இல்ல, பதினஞ்சு. திருத்திட்டு அப்புறம் சட்டம் போடுங்க." குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கணீரென்று கேட்டது.

திருத்தவில்லை. அப்படியே சட்டமிட்டுவிட்டோம்.