ஜிக்கரோட நாலாவது கால்

நாலும்மா, நாலு! நீங்களே எண்ணிப் பாருங்க. இருங்க, இந்தப் போர்வைய முழுசா எடுத்துடறேன்... கப்பல் ஆடுது, படத்து ஃபிரேம அந்தப் பக்கம் லேசாப் புடிச்சுக்குங்க. ஆங். முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. ஆச்சா? நாய்னா நாலு காலுதானே, இதுல என்னன்னு பாக்குறீங்க. எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. துறையில டிக்கெட் கிழிக்கிறவன்கூட, "நல்ல நாயி, ஆம்ப்ரோஸ்"னு என்னப் பாத்துச் சொல்றான். நல்ல நாயிதான், நான் இல்லேங்கல. ஆனா என் நாய்க்கு மூணு காலு.

மூணுதான். வலது முன்னங்காலு கிடையாது. அந்த மூணு கால வெச்சுக்கிட்டு ஊரையே சுத்தி வந்தவன் எங்க ஜிக்கரு. மீன் புடிக்கிற தூண்டில் முள்ளுக்கு எங்க தீவுல ஜிக்கர்னுதான் பேரு. எதுலயாவது போயி மாட்டிக்கிட்டே இருப்பான், அதான் அந்தப் பேர வெச்சோம். வலையில மாட்டுவான், வேலியில மாட்டுவான், ஒரு தடவ பாதிரியாரோட அங்கியில மாட்டிக்கிட்டான், பாதி ஜெபத்துல. சரி, அது வேற கதை.

செத்துப் போனாம்மா, கடல்ல ஐஸ் உடையிற சமயம். அடுப்பு முன்னாடி படுத்திருந்தான். எஃபி, அதான் என் சம்சாரம், எனக்கு டீயக் குடுத்துட்டுத் திரும்பிப் பாத்தா, முடிஞ்சு போச்சு. சத்தமில்ல சந்தடியில்ல. உசுரோட இருந்தப்ப ஒரு காரியத்த அவன் சத்தமில்லாம செஞ்சதில்ல. அதான் எனக்கு... சரி விடுங்க.

அப்புறம் ஒரு நாள் இது வருது. பார்சல்ல. அக்கரையில, கேண்டர் டவுன்ல ஒரு பொம்பள இருக்காளாம், செத்துப் போன நாயி பூனை போட்டோவெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு அழகு பண்ணிக் குடுப்பாளாம். நினைவுப் பரிசு! மூலப் போட்டோ எஃபி எடுத்தது, போன கோடையில, எங்க வாசல்ல. அத எனக்குத் தெரியாம அனுப்பியிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்த? ஊஹும்.

அழகு பண்ணியிருக்காளே, அதப் பாருங்க. அவன் கண்ணோரம் எப்பவும் பீளை இருக்கும், தொடச்சுட்டா. முடியச் சீவி விட்டுட்டா. உசுரோட இருந்தப்ப சீப்பக் காட்டினாலே கடிப்பான், செத்தப்புறம் சீவிக்கிட்டான். பின்னாடி கொடியில என் கம்பளி நிஜார் தொங்கிட்டிருந்துச்சு. காணோம்! நிஜாரும் இல்ல, கொடியும் இல்ல. வெறும் கடலு. அதுவும் நீலக் கடலு! நீங்கதான் இப்ப ஜன்னல் வழியாப் பாக்குறீங்களே, நீலமாவா இருக்கு? பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு. பொறந்ததுலேருந்து பாக்குறேன், இந்த நீலத்த நான் பாத்ததில்ல.

அதெல்லாம் கூடப் போகட்டும்மா. காலு? இல்லாத காலுக்கு அவ எங்க போனா? இந்த இடது காலயே எடுத்து, கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பி, வலது பக்கம் ஒட்டியிருக்கா. எனக்கு எப்படித் தெரியும்னா, இந்தப் பாதத்தப் பாருங்க. வெள்ள. இதுவும் வெள்ள. எங்க ஜிக்கருக்கு இடது பாதம்தான் வெள்ள. வலது பாதம் கரிக்கட்டை மாதிரி கறுப்பு. அந்தக் கால்லேருந்து எத்தன முள்ளு எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?

நல்லா ஒட்டியிருக்காளேன்னு சொல்றீங்க. ஒட்டியிருக்காதான். ஒட்டுன எடம் தெரியல. நிழல்கூட விழுதுங்கிறேன்! இல்லாத காலுக்கு நிழலு!

ஆமா, அவளா ஒட்டுனாளா, யாராவது சொல்லி ஒட்டுனாளான்னு கேக்க மாட்டீங்களா? கேளுங்க. என் தம்பி சொல்லி. ஹெட்லி. என் கூடப் பொறந்தவன். எஃபி போட்டோவ அனுப்புனது அவனுக்கு, பார்சல் அனுப்புனவன் அவன்தான். அந்தக் கால எடுத்தவனும் அவன்தான்!

பாத்தீங்களா, இப்ப நிமிந்து உக்காருறீங்க. நான் என்னமோ ஒண்ணுமில்லாததுக்குக் கத்துறேன்னு நெனச்சீங்க.

விறகு ஏத்திக்கிட்டு வந்தான், பிக்-அப் வண்டியில. என் விறகுதான், குளிர்காலத்துக்கு. வருஷா வருஷம் அவன்தான் வெட்டிக் கொண்டாருவான், நான் கேக்கிறதில்ல, அவனா கொண்டாருவான். வேலிக்கிட்ட எறக்கிட்டு வண்டியப் பின்னாடி எடுக்குறான். டயர் பக்கத்துல கொஞ்சமா வெயில் விழுது, அதுல ஜிக்கரு தூங்கிட்டிருக்கான். ஒரு ஹாரன் அடிக்கலாம்ல? ஒரு குரல் குடுக்கலாம்ல? அடிக்கலம்மா. அவன் வண்டி ஹாரன் அடிக்கவும் அடிக்காது, ரிப்பேரு. அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும்!

நாய் டாக்டர் அக்கரையிலதான். அன்னிக்குப் பெருங்காத்து. இந்தக் கப்பல் ஓடல. ஹெட்லி தன் மீன்படகுல ஏத்திக்கிட்டான், என்னையும் நாயையும். தன் ஜாக்கெட்டக் கழட்டி நாயைச் சுத்தி என் மடியில குடுத்துட்டு, வெறும் சட்டையோட நின்னு ஓட்டுறான். அலை மேல வந்து அடிக்குது. கை நீலமாயிருச்சு... அப்படிப் பாக்காதீங்கம்மா. காலை நசுக்குனவன் ஓட்டாம வேற யாரு ஓட்டுவா? செய்ய வேண்டியதத்தான் செஞ்சான்.

அதோட எங்க பேச்சு நின்னுச்சு. பக்கத்து வீடு, ஒரே வேலி. குட் மார்னிங் கிடையாது. விறகு மட்டும் வரும். நான் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி அடுக்கி வெச்சுட்டுப் போயிருப்பான். நான் என்ன செய்ய? விறகத் திருப்பியா குடுக்க முடியும், குளிர்காலத்துல? எரிச்சேன்.

ஆனா இந்த நாய் இருக்கே... சொரணை கெட்ட நாயிம்மா. நான் அவனுக்காகத் தம்பியோட பேசாம இருக்கேன், அவன் காலைல எந்திரிச்சு மூணு கால்ல தத்தித் தத்தி ஹெட்லி வீட்டுக்குப் போறான்! அங்க போலோனி, அதான் கறித் துண்டு, வறுத்துப் போடுவான், வெங்காயத்தோட. வெங்காயம் நாய்க்கு ஆகாதுன்னு வேலி வழியாக் கத்தணும் போல இருக்கும். எப்படிக் கத்துறது? பேச்சே கிடையாதே! எஃபியை விட்டுச் சொல்லச் சொன்னேன். மறுநாள்லேருந்து வெங்காய வாடை இல்ல.

அதுமட்டுமா, அவன் படிக்கட்டுல பலகை போட்டான். சாய்வா, நாய் ஏறுறதுக்கு. வழுக்கக் கூடாதுன்னு மேல பழைய வலையத் தச்சிருந்தான். என் வீட்டுல பலகை இல்ல. தூக்கி வெச்சுக்கலாம்ல, நாலு படிதானேன்னு நான் நெனச்சேன். ஜிக்கரும் தூக்கச் சொல்லி நின்னுக்கிட்டு இருப்பான் என் வாசல்ல, மகாராசா. அங்க மட்டும் தானா ஏறுவான்.

அப்புறம் ஹெட்லிக்கு முட்டி போயிருச்சு. மக ரோண்டா கேண்டர்ல இருக்கா, வந்து கூட்டிட்டுப் போயிட்டா. வீட்டப் பூட்டியாச்சு. ஜிக்கரு என்ன பண்ணான் தெரியுமா? காலைல போயி அந்தப் பலகையில உக்காந்துக்கிட்டான். மத்தியானம் ஆச்சு, வரல. நான் போயித் தூக்கிட்டு வந்தேன். "ஆள் இல்லடா அங்க"ன்னேன். மறுநாளும் போயி உக்காந்தான். பனி பெய்யுது, உக்காந்திருக்கான். நானும் எத்தன தடவதான் போயித் தூக்குறது? ஒரு நாள் நானும் பலகையில உக்காந்துட்டேன், பக்கத்துல. குளிரு பின்னாடி ஏறுது. என்னத்தப் பாக்கிறோம்னு ரெண்டு பேருக்கும் தெரியல.

சரி. படத்துக்கு வரேன். எஃபி இத மாட்டிட்டா, அடுப்புக்கு மேல. நான் திருப்பி வெச்சேன், சுவத்தப் பாக்க. அவ நேரா வெச்சா. நான் திருப்புனேன். சாப்பிட உக்காந்தா, "நாயைப் பாத்துச் சாப்பிடு, கெட்டா போயிருவ"ங்கிறா. என் நாயா இருந்தா பாத்துச் சாப்பிடுவேன். இது யாரு நாயோ!

அதான் கேண்டர் போறேன். அந்தக் கடைக்காரியப் பாத்து, காலை எடுத்துடும்மான்னு சொல்லப் போறேன். பீளைய வேணும்னா விட்டுடட்டும், கடல் நீலமா இருந்துட்டுப் போகட்டும், காலை எடுத்துடணும். ஒட்டத் தெரிஞ்சவளுக்கு எடுக்கவா தெரியாது?

என்ன கேட்டீங்க? இந்த எஞ்சின் சத்தத்துல... ஹெட்லி அந்தக் கால ஏன் போட்டான்னா? அதென்ன கேள்வி, ஏன் போட்டான்னா... ஏன் போட்டான்... கூட ஒரு சீட்டுகூட வெக்கலம்மா அவன். காலை மட்டும் வெச்சு அனுப்பியிருக்கான்.

அன்னிக்கு, டாக்டர் வெளிய வந்து, காலு போயிருச்சு, உசுரு நிக்கும்னாரு. ஹெட்லி நனைஞ்சு நிக்கிறான், கீழ தண்ணி சொட்டுது. ஏதோ சொல்ல வாயத் தொறந்தான். நான், "அந்தக் காலக் கொண்டாந்து வெச்சுட்டு அப்புறம் என்கிட்டப் பேசு"ன்னேன்.

ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா! போய்த் தொலைன்னு சொல்லுவோம், எவனாவது போய்த் தொலையிறானா? இவன் அப்படித்தான், சின்னதுலேருந்தே. எங்கம்மா ஒரு தடவ, "நான் கூப்பிடற வரைக்கும் படகுத்துறையிலயே நில்லு"ன்னு சொல்லிட்டு மறந்துட்டா. மழை புடிச்சிருச்சு. எல்லாப் பிள்ளைங்களும் வீட்டுக்குள்ள ஓடியாந்தாச்சு. இவன் அங்கயே நிக்கிறான். நான்தான் போயிக் கூட்டியாந்தேன். ஏன்டா முட்டாளே நனையிறன்னா, "அம்மா கூப்பிடலியே"ங்கிறான்.

அந்த மாதிரி ஆளும்மா. அவன்கிட்டப் போயி நான்... இத்தன வருஷமா அவன் கோவத்துல பேசாம இருக்கான்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்! நமக்கே இவ்வளவு கோவம்னா அவனுக்கு எவ்வளவு இருக்கும்னு. அவன் கோவமா இல்லியாம். காலுக்கு வழி தெரியாம இருந்திருக்கான்.

இப்பக் கொண்டாந்து வெச்சுட்டான். சொன்னபடி பாத்தா வெச்சுட்டான்தான். நெறம் தப்பு. காலு கால்தானே.

காலைல கிளம்புறப்ப எஃபி என்ன சொன்னா தெரியுமா? "ஹெட்லி தெரியாம எடுத்தான். நீ தெரிஞ்சே எடுக்கப் போற"ன்னா. சொல்லிட்டு ரொட்டியும் ஜாமும் கட்டிக் கையில குடுக்குறா. அவ அப்படித்தான். குத்துறதையும் குத்திட்டுச் சோத்தையும் போடுவா. ஒண்ணு எடுத்துக்குங்க, எனக்கு எறங்கல.

அதோ, கரை வந்துருச்சு. டாக்சிக்கு எஃபியே போன் பண்ணிச் சொல்லிட்டா. எந்த மாதிரி வண்டிடின்னா, "பாத்தா உனக்கே தெரியும்"னா. பாத்தா தெரியிறதுக்கு நான் என்ன... ஏம்மா, அந்தச் சிவப்பு வண்டிக்குப் பக்கத்துல நிக்கிறது யாரு? உங்க கண்ணு நல்லாருக்கும், பாருங்களேன். கைத்தடி வெச்சிருக்கானா? தலையில தொப்பி இல்லாம?

எஃபி! எஃபி!... பொம்பளையா அவ?

எளைச்சுட்டான். என்னமா எளைச்சுட்டான்.

ஏன் எந்திரிக்கிறீங்க? உங்க கார் கப்பல் கீழ்த்தட்டுல நிக்குதா? எல்லாரும் எறங்கட்டும்மா, என்ன அவசரம்? இல்ல, படத்துக்காகச் சொல்றேன். பெருசு பாருங்க, ஒத்த ஆளாத் தூக்குனா கண்ணாடி... வாசல் வரைக்கும் கூட வந்தீங்கன்னா போதும். அங்க நின்னு நீங்க ஏதாவது பேசுனாக்கூட... ஏம்மா? ஏம்மா!... ரொட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

சரி.

கைய விடுப்பா, நீ உன் கப்பல் வேலையப் பாரு, நானே எறங்கிக்குவேன். காலு பத்திரம், காலு பத்திரம்னு என்கிட்டச் சொல்லாத. நகரு.

டேய் ஹெட்லி. தொப்பி எங்கடா? காது உறைஞ்சு உதிரப் போவுது, இந்த வயசுல. என்ன முழிக்கிற? இத இந்தப் பக்கம் புடி. மெதுவா, கண்ணாடி. ஏன், இன்னும் என்ன வாய மூடிக்கிட்டே நிக்கிற?

வெச்சுட்டேல்ல? அப்பப் பேசுடா.