உறவு என்ற கட்டம்

— அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடு.

— எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும்னு அட்டையில கீழே போட்டிருக்கு பாரு, கண்ணாடிக்கடைக்காரா.

— உன் பேர் எழுதிட்ட. போட்டோ ஒட்டிட்ட. போதாதா?

— 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?' அதுல உன் பேரும் நம்பரும் போட்டாச்சு. அடுத்தது 'உறவு'. என்ன எழுதட்டும், சொல்லு.

— ஐயோ, மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு.

— எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ச்சுக்கிட்டிருக்கார். அவர் தொண்டையைக் காறுற சத்தத்துல இடி விழுந்தாலும் கேக்காது.

— விளையாடாதே. இந்த அட்டையை எங்க மாட்டுவ?

— என் பூட்டுல. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! லிஃப்ட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி மெயின் ஸ்விட்சை அணைச்சு, அதுல என் பூட்டைப் போட்டு, சாவியை என் சட்டைப் பையில வச்சுக்கணும். அந்தப் பூட்டுல இந்த அட்டை தொங்கும். உள்ள ஒரு ஆள் இருக்கான், தொடாதேன்னு அர்த்தம். பூட்டினவன்தான் திறக்கணும். முதலாளியே வந்தாலும் கை வைக்கக் கூடாது.

— அப்போ போறவன் வர்றவன் எல்லாம் அட்டையைப் படிப்பான்.

— படிக்கத்தானே மாட்டறது?

— அதான் சொல்றேன். 'நண்பர்'னு போடு. வேணாம், வேணாம். நண்பரை எதுக்குக் கூப்பிடணும், வீட்டு ஆளுங்க இல்லையான்னு கேப்பாங்க. உங்க அக்கா பேரையே போட்டுடேன்.

— அக்கா ஏழு மணி நேரப் பயண தூரத்துல இருக்கா. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஏழு மணி நேரம் நான் என்ன வரிசையிலயா நிப்பேன்?

— காலங்காத்தால ஏன் இப்படிப் பேசற?

— நீதானே கிளப்பின! சரி, ஒண்ணு கேக்கறேன். உன் கடையில பில் போடற பொண்ணுக்குப் போன மாசம் கல்யாணம் ஆச்சு. மறுவாரமே எல்லா ஃபாரத்துலயும் புருஷன் பேரை எழுதினா. யாராவது ஏன்னு கேட்டாங்களா?

— அது வேற.

— என்ன வேற? ஏழு வருஷமா நீ சமைச்சா நான் பாத்திரம் தேய்க்கறேன். நான் துவைச்சா நீ மடிக்கற. உனக்குக் காய்ச்சல்னா நான் முழிச்சுக்கிடக்கேன். அவளுக்கு ஒரு மாசத்துல கிடைச்சது எனக்கு ஏழு வருஷத்துல கிடைக்கலையே. நான் மேடை கேக்கலடா, மாலை கேக்கல. இதோ பாரு, விரல் அகலம் இருக்கு. இந்தக் கட்டத்துல ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நான் கேக்கற சமத்துவம்.

— உங்க அக்கா வீட்டுக்காரர், அந்த மச்சான் என்ன சொன்னார்னு மறந்துட்டியா? வாசல்ல நின்னு சொன்னார். இன்னொரு தடவை உன் மூஞ்சியைப் பாத்தா காலை உடைப்பேன்னு என்னைப் பாத்துச் சொன்னார். உன்னை இல்ல. என்னை.

— மறக்கல.

— ராத்திரியில படிக்கட்டுல காலடிச் சத்தம் கேட்டா எனக்கு இப்பவும் வேர்க்குது. கடையில யாராவது என்னைக் கூப்பிட்டா, தெரிஞ்சுபோச்சுன்னுதான் முதல்ல தோணுது. கண்ணாடி விளிம்பைத் தேய்க்கறப்ப கண்ணு வாசலுக்குப் போகுது. நேத்து ரெண்டு வில்லையை உடைச்சேன்.

— சரி, சரி. இங்க வா. உக்காரு. எழுதல, போதுமா?

— சத்தியமா?

— சத்தியமா. பாரு, கட்டம் காலி. சார் சந்தோஷமா?

— பழைய அட்டையில என்ன எழுதியிருந்த?

— அதுவா... எண்ணெய்ப் பிசுக்கு. ஒண்ணும் தெரியல. அதான் புதுசு கொடுத்திருக்காங்க. ஏய், இந்தப் பேனா உன் கடைப் பேனாதானே? ஊதா மை?

— ஆமா, வில்லையில குறி போடறது. கொடு இங்க. மூணு வருஷம் முன்னாடி இப்படித்தான் ஒண்ணு காணாமப் போச்சு. ஓனர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

— நல்ல மை. தண்ணிக்கும் போகாது, எண்ணெய்க்கும் போகாது.

— ஸ்பிரிட் தொட்டாதான் போகும். உனக்கு எப்படித் தெரியும்?

— சும்மா, ஒரு பொது அறிவு. ஆ... இந்த இடது தோள் ஏன் இப்படி வலிக்குது? நீ தலையை வச்சுத் தூங்கியே மரத்துப்போச்சு.

— டாக்டர்கிட்டக் காட்டு.

— உன் தலை கனம்னு சொன்னா மருந்தா எழுதிக் கொடுப்பார்? நான் கிளம்பறேன். தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்து, முதல் பூ விட்டிருக்கு. சாயங்காலம் மேட்ச் இருக்கு, சீக்கிரம் வந்துடு. தோத்தா பாத்திரம் உனக்கு.

— ஜெயிச்சா?

— ஜெயிச்சாலும் உனக்குத்தான்.

*

— ஹலோ, கண்ணாடிக் கடைங்களா? நான் லிஃப்ட் கம்பெனி ஃபோர்மேன் பேசறேன். உங்க நம்பர் எங்க பையன் அட்டையில இருந்துச்சு.

— அட்டையில... வேற என்ன இருந்துச்சு?

— தம்பி, முதல்ல உக்காருங்க.

— வேற என்ன எழுதியிருந்துச்சுங்க?

— உக்காந்துட்டீங்களா? பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. உடனே வாங்க.

*

— உள்ள விட மாட்டேங்கறாங்க, ஃபோர்மேன் அண்ணே.

— கேட்டீங்களா?

— கேட்டேன். நீங்க யாருன்னு கேட்டாங்க. ரூம்ல கூட இருக்கறவன்னு சொன்னேன். சொந்தக்காரங்க மட்டும்தான்னு சொல்லிட்டாங்க.

— ரூம்ல கூட இருக்கறவன்.

— ஆமாண்ணே. வாடகையைப் பங்கு போட்டுக்கறோம். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா. சரி. இந்தத் தண்ணியைக் குடிங்க, தம்பி.

— அவன்... விழுந்தானா?

— இல்லப்பா. பாருங்க தம்பி, வேலையில ஒரு குறையும் இல்ல. எட்டு மாடிக் கட்டடம். ஸ்விட்சை அணைச்சான், பூட்டினான், லிஃப்ட் ஓடற ஷாஃப்டுக்குள்ள இறங்கினான், கயிறு பார்த்தான், மேல ஏறி வந்தான். படியில உக்காந்து தோளைப் பிடிச்சுக்கிட்டான். தண்ணி கேட்டான். நான் போய்க் கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. முப்பத்தொரு வயசு. நெஞ்சு அடைக்கற வயசா அது?

— காலையிலயே வலிக்குதுன்னு சொன்னான். நான்தான்... நான் அட்டையைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேன்.

— அந்தப் பூட்டு இன்னும் அங்கேதான் இருக்கு. அட்டையை மட்டும் பார்த்து நம்பரை எழுதிக்கிட்டேன். எட்டு மாடிக்கும் ஜனங்க படியேறிப் போறாங்க. அறுத்துடலாமான்னு கட்டடத்துக்காரர் கேட்டார். எங்க பசங்க ஸ்விட்சை மறைச்சு நின்னுட்டானுங்க. அவன் பூட்டு, எவனும் கை வைக்க மாட்டான்.

— அவங்க அக்கா வர்றாங்களா?

— சொல்லியாச்சு. அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் ராத்திரிக்குள்ள வந்துடுவாங்க.

— வீட்டுக்காரருமா?

— ஏன் தம்பி, எழுந்துட்டீங்க?

— அண்ணே, அவர் வர்றதுக்குள்ள நான் போயிடணும். அவர் வந்துட்டா கிட்டக்கூட நெருங்க விட மாட்டார். எங்க எடுத்துட்டுப் போறாங்கன்னுகூட எனக்குத் தெரியாமப் போயிடும். ஒரே ஒரு தடவை பார்த்தாப் போதும். நீங்க சொன்னா விடுவாங்களா?

— நான் வேலை கொடுத்தவன், சொந்தக்காரன் இல்ல. நாலு மணிக்குக் குளிர் அறைக்கு மாத்திடுவோம், அப்புறம் குடும்பம் வந்துதான் திறக்கணும்னு அந்த நர்ஸ் சிஸ்டர் சொன்னாங்க. இப்ப மூணே முக்கால்.

— ஐயோ.

— நீங்கதான் சொல்லணும்.

— என்ன சொல்லணும்?

— அவனுக்கு நீங்க என்ன ஆகணும்னு.

— அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்த அட்டையில ஏதாவது எழுதியிருந்தா அது அவன் விளையாட்டுக்கு எழுதினது. அவன் அப்படித்தான், எதுலயும் விளையாட்டு. எங்களுக்குள்ள ஒண்ணும்...

— அட்டையில ஒண்ணும் இல்ல, தம்பி.

— என்ன?

— புது அட்டையில அந்தக் கட்டம் காலி. காலையில ஆஜர் கொடுக்கறப்பவே நான் பார்த்தேன்.

— காலியாவா இருந்துச்சு?

— காலிதான். நான்கூட என்னடா, ரெண்டு பேருக்கும் சண்டையான்னு கேட்டேன்.

— ரெண்டு பேருக்குமா...? எந்த ரெண்டு பேரு?

— சிரிச்சான். 'சண்டை இல்லண்ணே, அவன் பயப்படறான். என்னைக்கு அவன் எழுதச் சொல்றானோ அன்னைக்கு எழுதிக்கறேன்'னான்.

— சத்தியம் பண்ணிட்டுப் போனான். காப்பாத்திட்டான். நான் சொன்னதைக் கேட்டுட்டான், அண்ணே. எதையும் கேக்க மாட்டான், இதை மட்டும் கேட்டுட்டான். இப்போ நான் எதைக் காட்டி உள்ள போவேன்? ஒரு வார்த்தை கேட்டான். விரல் அகலம். அதையும் நான் விடல.

— அழுங்க. அழுதுட்டுக் கண்ணைத் துடைங்க. ஒண்ணு கொடுக்கணும் உங்ககிட்ட.

— என்னது?

— புது அட்டை வேணும்னா பழசைத் திருப்பிக் கொடுக்கணும். அது எங்க வழக்கம். காலையில கொடுத்தான், சட்டைப் பையில போட்டவன் அப்படியே மறந்துட்டேன். இந்தாங்க.

— இது... இது என் கடைப் பேனா. அந்த ஊதா மை.

— படிங்க.

— எப்போ எழுதினான் இதை?

— மூணு வருஷம் முன்னாடி, இந்த அட்டையைக் கொடுத்த அன்னைக்கு. மூணு வருஷமா இது எத்தனை கட்டடத்துல தொங்கியிருக்கும்! எங்க பசங்க பதினாலு பேரும் பார்த்திருக்கோம். ஒருத்தன் மட்டும் முதல் நாள் பல்லைக் காட்டினான்.

— அப்புறம்?

— 'நான் கீழே இறங்கறப்ப ஸ்விட்சுகிட்ட நிக்கறவன் நீ. என் உசிரையே உன் கையில கொடுத்துட்டுத்தான் போறேன், என் வீட்டு ஆள் யாருன்னு உன்கிட்ட மறைக்கணுமா?'ன்னு உங்க ஆள் அவனைக் கேட்டான். அதோட சரி. அதுக்கப்புறம் கண் கொட்டாம காவல் நின்னவன் அந்தப் பல்லைக் காட்டினவன்தான். இப்பவும் அந்தப் பூட்டுகிட்ட நிக்கறான்.

— அப்போ எல்லாருக்கும் தெரியுமா? மூணு வருஷமாவா? நான் ஜன்னலைச் சாத்திக்கிட்டு...

— அவன் மச்சான் மாதிரி ஆளுங்களும் இருக்காங்க, தம்பி. நான் இல்லன்னு சொல்லல. நீங்க பயந்தது பொய் இல்ல.

— எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு, அண்ணே.

— என் தோளைப் பிடிச்சுக்குங்க. அதோ, சிஸ்டர் வர்றாங்க.

— லிஃப்ட்காரருக்கு யாருங்க வந்திருக்கறது? நாங்க இப்போ மாத்தப் போறோம். சொந்தக்காரங்க யாராவது இருக்கீங்களா?

— நான் இருக்கேன், சிஸ்டர்.

— நீங்க ரூம்ல கூட இருக்கறவர்னுதானே சொன்னீங்க? இந்த நோட்டுல எழுதாம நான் உள்ள விட முடியாது. அவருக்கு நீங்க என்ன ஆகணும்?

— இதைப் பாருங்க.

— இது என்னங்க, எண்ணெய் அட்டை? போட்டோ வெளுத்துப்போச்சு. பேர் கரைஞ்சுபோச்சு. நம்பர்ல பாதி இல்ல.

— கடைசிக் கட்டம், சிஸ்டர். ஊதா மையில இருக்கும்.

— 'உறவு: வாழ்க்கைத்துணை.'

— அது நான்தான்.

— இது மட்டும் எப்படிங்க அழியாம இருக்கு?

— அது தண்ணிக்கும் போகாது, சிஸ்டர். எண்ணெய்க்கும் போகாது.